தண்ணீரைப் பார்த்துத் தரை போடுதல்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வீட்டுக்குப் புதிதாகத் தரை போட நினைக்கும் எவருக்கும் முதலில் கிடைக்கும் அறிவுரை, "கல்லு நம்ம ஊர்லயே வெட்டுறாங்க, டைல்ஸ் எதுக்கு?" என்பதுதான். சொல்பவர்களைக் குறை கூற முடியாது. பர்கூர், ஜெகதேவி பக்கம் போனால் சாலையின் இருபுறமும் கிரானைட் பட்டறைகள் நிற்கின்றன. ஒரு லாரிக்கு ஒரே கல் என்ற கணக்கில் பாறைகள் சங்கிலி கட்டிப் போகின்றன. இந்த மண்ணிலிருந்து எடுத்த கல் எங்கெங்கோ இருக்கும் விமான நிலையங்களிலும் விடுதிகளிலும் பதிந்திருக்கும்போது, காவேரிப்பட்டணத்தை ஒட்டிய எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குக் குஜராத்தின் மோர்பியிலிருந்து 1,500 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்த டைல்ஸ் போடுவது முரணாகத்தான் தெரியும். ஆனாலும் எங்கள் வீட்டின் பெரும்பகுதிக்கு டைல்ஸ்தான் போட்டோம். விலை அதற்கு முதல் காரணமன்று. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் காரணம்.

பழைய தரை, அப்பா வீடு கட்டிய காலத்தில் போட்ட சிவப்பு ஆக்சைடு. சிமெண்டோடு இரும்பு ஆக்சைடுத் தூளைக் கலந்து, ஈரம் இழுக்கும் பதம் பார்த்துக் கரண்டியால் அழுத்தித் தேய்த்து மெருகேற்றிய தரை அது. சித்திரை வெயிலில்கூட மதியம் பாயில்லாமல் படுக்கலாம். ஆனால் கூடத்தின் வடமேற்கு மூலை உள்வாங்கியிருந்தது. அங்கிருந்து ஒரு வெடிப்பு சமையலறை வாசல் வரை ஓடியது. வெடிப்பில் சிமெண்ட் பூசிப் பூசி அது தனி நிறத்தில் ஒரு நதி வரைபடம்போல் ஆகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு, அந்த மேடு பள்ளத்தில் கால் தடுக்குவது அழகுப் பிரச்சினையாக இல்லாமல் ஆபத்தாக மாறியது. அதன் பின்னர்தான் தரையை மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

எந்தக் கடைக்கும் போகும் முன்பு, வீட்டில் தரை துடைக்கும் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீர் ஃபுளோரைடுக்குப் பெயர் பெற்றது; அதனால்தான் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைத் தணிப்பதும் சேர்ந்திருக்கிறது. ஆனால் தரையில் படியும் வெள்ளைக் கறையை ஃபுளோரைடின் தலையில் கட்டுவது தவறு. அது முதன்மையாகக் கால்சியம், மக்னீசிய உப்புகளின் வேலை. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. துடைத்த இடமெல்லாம் அது மெல்லிய படலமாகத் தங்கும். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. எங்கள் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தபோது வந்த எண் அந்த மேல் எல்லையைத் தாண்டியிருந்தது. வெந்நீர் அண்டாவின் உட்புறத்தைப் பார்த்திருந்தாலே போதும், பரிசோதனைக் கட்டணம் மிச்சமாகியிருக்கும். பஞ்சாயத்துக் குழாயில் வரும் காவிரி நீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே காணும். அதில் தரை துடைக்க யாருக்கும் மனம் வராது.

இந்தக் கணக்கில் பார்த்தால், நம் ஊர்ப் பெருமையான பளபளக்கும் கறுப்புக் கல்தான் கூடத்துத் தரைக்கு மிகவும் பொருந்தாதது. உறவினர் ஒருவர் வீட்டில் கூடம் முழுவதும் கறுப்பு கிரானைட் பதித்திருக்கிறார்கள். புகுமனை விழா அன்று எல்லாரும் முகம் பார்த்த அந்தத் தரையில், இப்போது ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் நேரத்தில் மாப் இழுத்த கோடுகள் ஒவ்வொன்றும் தெரிகின்றன. அந்த வீட்டுச் சித்தி முதலில் ஈரத்துணியாலும் உடனே காய்ந்த துணியாலும் துடைக்கிறார். "பாக்கிறவங்களுக்குத் தரை, எனக்கு வேலை" என்று அவர் சொன்னதை, கல் வாங்கப் போகிறவர்கள் விலைப்பட்டியலோடு சேர்த்து எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அதற்காகக் கல்லையே ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. வணிகத்தில் எல்லாவற்றுக்கும் கிரானைட் என்ற ஒரே பெயர்தான் வழங்குகிறது. பாறையியலார் கண்ணில் அவை வேறு வேறு. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கறுப்புக் கல் டோலரைட் என்னும், பூமிக்குள்ளிருந்து வந்த பாறைக் குழம்பு உறைந்த பாறை. பழைய பாறைகளின் வெடிப்புகளில் சுவர்போல் ஏறி உறைந்தது. கத்தரிப்பூ நிறமும் சாம்பல் நிறமும் அலையலையாகக் கலந்த பாரடைசோ என்னும் கல் நைஸ் வகையைச் சேர்ந்தது. ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பிசைந்து உருமாறியது. இந்தப் பகுதியின் நைஸ் பாறைகளுக்குச் சுமார் 250 கோடி ஆண்டு வயது சொல்கிறார்கள். டோலரைட் ஒரே நிறமாக இருப்பதால் உப்புப் படலத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அலையும் புள்ளியும் உள்ள பாரடைசோ அதை விழுங்கிவிடுகிறது. ஆகவே எங்கள் தண்ணீருக்குப் பாரடைசோ பொருந்தும் என்று கண்டேன். கூடத்துக்கு அதை எடுக்காததற்கு வேறொரு காரணம் இருந்தது: அதன் இருண்ட நிறம். ஓட்டுச் சாய்ப்பு இறங்கிய எங்கள் பழைய வீட்டில் வெளிச்சம் ஏற்கெனவே குறைவு.

பட்டறைக்குப் போய்க் கல் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தண்ணீர் தெளித்துக் காட்டும் கல்லை நம்பாமல், அது காயும் வரை நின்று பார்க்க வேண்டும்; ஈரத்தில் எல்லாக் கல்லும் அழகுதான். கறுப்புக் கல்லாக இருந்தால் வெள்ளைத் துணியில் தின்னர் தொட்டு ஓர் ஓரத்தில் அழுத்தித் தேய்த்துப் பார்க்கலாம். சாம்பல் நிறக் கல்லுக்கு எண்ணெயோ சாயமோ ஏற்றிக் கறுப்பாக்குவது இந்தத் தொழிலில் நடப்பதுதான். சாயமென்றால் துணியில் இறங்கும். பலகையின் பின்புறத்தில் வலை ஒட்டியிருந்தால் உடனே பயப்பட வேண்டியதில்லை, ஆனால் எதற்காக ஒட்டினார்கள் என்று கேட்க வேண்டும். நரம்போடிய கல் கையாளும்போது உடையாமலிருக்க ஒட்டுவதும் உண்டு, ஏற்கெனவே விட்ட விரிசலைப் பிடித்து நிறுத்த ஒட்டுவதும் உண்டு. ஒரே பாறையிலிருந்து அடுத்தடுத்து அறுத்த பலகைகளைக் கேட்டு வாங்கினால்தான் கூடத்தின் ஒரு பாதி ஒரு நிறத்திலும் மறுபாதி இன்னொரு நிறத்திலும் நிற்காது. தடிமனை ஓரத்தில் மட்டும் அளக்கக் கூடாது. 18 மில்லிமீட்டர் என்று விற்கும் பலகை நடுவில் 15-க்கு இளைத்திருந்தால், பதிக்கும் கொத்தனார்தான் அந்த வேறுபாட்டைக் கலவையில் சுமக்க வேண்டும். எடையும் கணக்கில் வர வேண்டும். 18 மில்லிமீட்டர்க் கல் சதுர அடிக்கு நாலரை முதல் ஐந்து கிலோ; கீழ்த்தளத்தில் அது ஒன்றுமில்லை, மாடியில் பழைய தளத்தின் மேல் ஏற்றுவதென்றால் பொறியாளரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

சலவைக்கல்லைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் பகுதியில் மாசி, பங்குனியில் புளி உலுக்கி வீட்டுக்குள் கொண்டுவந்து, ஓடு நீக்கி, கொட்டை எடுத்து, நார் உரித்து அடைப்பது இன்றும் நடக்கிறது. சலவைக்கல் அடிப்படையில் கால்சியம் கார்பனேட். புளியின் அமிலம் அதை அரிக்கும். பிசுக்கான புளி ஓர் இரவு கிடந்த இடத்தில் மெருகு போய் மங்கிய வட்டம் விழும், அது துடைத்தால் போகிற கறையன்று. ராஜஸ்தானத்துக் கல்லை வாங்கிப் போட்டுவிட்டுப் புளிக்குத் தனியாகக் கொட்டகை கட்டுவது எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

டைல்ஸ் கடையைப் போலத் தரையைத் தேர்ந்தெடுக்க மோசமான இடம் வேறில்லை என்று நான் நினைக்கிறேன். கூரை நிறைய வெள்ளை விளக்குகள், நிமிர்த்தி வைத்த பலகைகள், நிமிடத்துக்கொரு முறை துடைக்கும் பையன். நம் வீட்டில் இந்த மூன்றும் இல்லை. தரையை நாம் செங்குத்தாகப் பார்ப்பதுமில்லை. கடைக்காரரிடம் சொல்லி நான்கு மாதிரிகளை வீட்டுக்கு எடுத்து வந்தோம். கிடையாகப் போட்டு, எங்கள் கிணற்று நீரைத் தெளித்துத் தானாகக் காய விட்டோம். மறுநாள் ஒன்றின் மேல் மஞ்சள், ஒன்றின் மேல் புளிக்கரைசல், ஒன்றின் மேல் நல்லெண்ணெய் என்று மாற்றி மாற்றி அம்மா தடவினார். கண்ணாடிபோல் மெருகேறிய வெண்ணிற டைலில் உப்புத் தெரியவில்லை, ஆனால் தலைமுடியும் செம்மண் தூசியும் பளிச்சென்று தெரிந்தன. ஈரத்தில் வழுக்கவும் செய்தது. மெருகில்லாத, மணல் நிறமும் சாம்பலும் கலந்த ஒன்றுதான் எல்லாவற்றையும் தாங்கி நின்றது. கடையில் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விட்ரிஃபைட் டைல்ஸ் என்பது களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றை அரைத்து அழுத்திச் சுமார் 1,200 டிகிரி செல்சியசில் சுட்டு எடுப்பது. கிரானைட்டில் இருப்பவையும் பெரும்பாலும் அதே கனிமங்கள்தாம் என்பதால், இயற்கைக் கல்லுக்கும் இதற்கும் சண்டை மூட்டுவது வீண் வேலை. இது தன் எடையில் அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே நீரை உறிஞ்சும். அதனால் கறை உள்ளே இறங்காது. இந்தக் குணமே பதிக்கும்போது பிரச்சினையாக மாறும், அதைப் பிறகு சொல்கிறேன். வாங்கும்போது ஒரு சிறு கணக்கு: இரண்டுக்கு இரண்டு அடி என்று சொல்லப்படும் டைல் உண்மையில் 60-க்கு 60 சென்டிமீட்டர். நான்கு கொண்ட பெட்டியில் 1.44 சதுர மீட்டர், அதாவது பதினைந்தரை சதுர அடிதான் இருக்கும். பதினாறு என்று கணக்குப் போட்டால் பெரிய கூடத்துக்கு ஒரு பெட்டி குறைந்துவிடும்; சேதாரத்துக்கு வைத்தது அங்கேயே தீர்ந்துபோகும். பிறகு வாங்கப் போனால் அதே பெயரில் வேறு சாயலில் சரக்கு வந்திருக்கும். பெட்டியின் மேல் அச்சிட்ட சாயல் எண்ணும் தொகுதி எண்ணும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று லாரியிலிருந்து இறக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

எங்களுக்குப் பணம் அதிகம் போனது மேலே தெரியும் தரைக்கன்று, அதன் அடிக்குத்தான். பழைய ஆக்சைடின் மேலேயே ஒட்டிவிடலாம், கதவுகளின் அடியை அறுத்துக்கொண்டால் போதும் என்று சிலர் சொன்னார்கள். உள்வாங்காத, உறுதியான தரையாக இருந்தால் அது நல்ல வழி. தூசியும் இடிப்பும் மிச்சம். எங்கள் கூடத்தில் பழைய தரையைப் பெயர்த்தபோது, மூலையில் சிமெண்டுக்குக் கீழே கை நுழையும் அளவுக்கு வெற்றிடம் இருந்தது. அஸ்திவாரக் குழி தோண்டிய செம்மண்ணையே திரும்பக் கொட்டி நிரப்பியிருந்தார்கள். அது நீர் விட்டு இறுகாமல் ஆண்டுக்கணக்கில் தானே இறங்கியிருக்கிறது, எலியும் தன் பங்குக்கு உதவியிருக்கிறது. மேஸ்திரி அந்த மண்ணை அள்ளிவிட்டு, அரையடி அரையடியாக நிரப்பி, ஒவ்வோர் அடுக்குக்கும் தண்ணீர் விட்டுத் திமுசுக்கட்டையால் அடிக்கச் சொன்னார். அதன் மேல் முக்கால் அங்குல ஜல்லியில்லை, ஒன்றரை அங்குல ஜல்லிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, நான்கு அங்குலக் கான்கிரீட் போட்டார். இந்த வேலை நடந்த நாள்களில் வீட்டுக்கு வந்துபோன ஒவ்வொருவரும், "இன்னும் டைல்ஸ் ஒட்டலையா?" என்று கேட்டார்கள். ஒட்டியிருந்தால் அடுத்த ஆண்டே அந்த மூலை டைல்ஸோடு சேர்ந்து இறங்கியிருக்கும்.

கலவைக்கும் தண்ணீர்தான் கேள்வி. உப்புமிக்க நீரில் குழைத்த சிமெண்ட், காயும்போது உப்பை இடுக்குகள் வழியே மேலே அனுப்பும். இணைப்புகளில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். துடைக்கத் துடைக்க வரும். கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரநிர்ணய விதி, கம்பியில்லாத சாதாரணக் கான்கிரீட்டுக்குப் பயன்படும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 2,000 மில்லிகிராமுக்கும், கனிம உப்புகள் 3,000 மில்லிகிராமுக்கும் மிகக் கூடாது என்கிறது. எங்கள் கிணறு இந்த எல்லைகளுக்குள்தான் இருந்தது. கான்கிரீட்டுக்கு அதையே பயன்படுத்தினோம். ஒட்டும் பசைக்கும் இணைப்புப் பூச்சுக்கும் மட்டும் காவிரி நீர் பிடித்து வைத்தோம், அதற்கு வேண்டிய அளவு அவ்வளவு குறைவு.

மேஸ்திரியோடு எனக்கு நடந்த ஒரே விவாதம் பசையைப் பற்றியது. அவர் கைதேர்ந்தவர், வீட்டில் தெலுங்கு பேசுபவர், தளத்தில் மூன்று மொழியிலும் திட்டுவார். கலவை பரப்பி, சிமெண்ட் பால் ஊற்றி, டைலை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டி உட்கார வைப்பதுதான் அவர் வழக்கம். "தம்பி, இருபது வருசமா இப்படித்தான் ஒட்டுறேன், ஒண்ணும் பேந்துக்கல" என்றார். நீரை உறிஞ்சும் பழைய செராமிக் டைலுக்கு அந்த முறை சரி. சிமெண்ட் பால் டைலின் நுண்துளைகளுக்குள் இறங்கித்தான் பிடிக்கிறது. விட்ரிஃபைட் டைலில் இறங்க இடமில்லை. அதற்காகவே பாலிமர் கலந்த பசைகள் வந்துள்ளன, ஐ.எஸ். 15477 தரக் குறியீடு அவற்றை வகை பிரித்திருக்கிறது. இதையெல்லாம் விளக்கி அவரை மாற்ற முடியவில்லை. முன்பு அவரே பதித்த ஒரு வீட்டுக்கு இருவரும் போய், நாணயத்தால் ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டே நடந்தோம். சில இடங்களில் 'டொக் டொக்' என்று உள்ளீடற்ற ஒலி வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில், பசையைக் கோடு கோடாக இழுத்துப் பரப்பும் பல் கரண்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

அந்த ஒலி எங்கள் வீட்டுக்குப் பெரிய விஷயம். புளியைக் கல்லில் வைத்துத் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். அடியில் வெற்றிடம் உள்ள டைலின் மேல் அந்தக் கல்லை வைத்து நாள் முழுவதும் தட்டினால் அது தாங்காது; அடி முழுவதும் பசை பிடித்த டைல் தாங்கும். பல் கரண்டியால் கோடு இழுத்துப் பரப்பி, பதித்த முதல் சில டைல்களைப் பெயர்த்து அடிப்புறம் முழுக்கப் பசை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றவற்றை ஒட்டினார். இடைவெளிக்கு இரண்டு மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தோம். இடைவெளியே இல்லாமல் சேர்த்து ஒட்டினால் அழகு என்று நினைப்பவர்கள் பலர்; வெயிலில் விரிய இடமில்லாத தரை கோடையில் கூடாரம்போல் எழும்பும் என்பதை அவர்களிடம் சொல்லிப் பயனில்லை. நான்கடி நீள டைல் வேண்டாம் என்று முன்பே ஒதுக்கியிருந்தோம். நீள டைல்களின் நடுவில் சூளையிலேயே லேசான வளைவு ஏற்பட்டுவிடும். செங்கல் அடுக்குவதுபோல் பாதிக்குப் பாதி தள்ளி வைத்தால் ஒன்றின் மேடு மற்றொன்றின் ஓரத்தில் காலுக்குத் தட்டுப்படும். அம்மாவின் காலுக்காகத் தொடங்கிய வேலை அது.

மற்ற அறைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளியலறைக்குச் சொரசொரப்பான சிறிய டைல். சிறியதாக இருந்தால்தான் நான்கு பக்கமிருந்தும் வடிகாலை நோக்கி வாட்டம் கொடுக்க முடியும். பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் இறக்கினால் நீர் தேங்காது. முன்திண்ணைக்கும் வாசற்படிக்கும் ஜெகதேவிப் பக்கத்துச் சாம்பல் நிறக் கல்லை, மேற்பரப்பைத் தீயால் பொரித்துச் சொரசொரப்பாக்கிய பதத்தில் வாங்கினோம்; மழையில் வழுக்காது, கோலமும் அதில் நன்றாகப் பிடிக்கிறது. கறுப்புக் கல் சமையல் மேடைக்குப் போனது. அங்கே உடனுக்குடன் துணி போட்டுத் துடைக்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் இருப்பதால் உப்புக்கு நேரம் கிடைப்பதில்லை. சாமி அறையின் சிவப்பு ஆக்சைடு வெடிக்காமல் இருந்தது; அதைத் தொடவில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்ததும் பழைய நிறம் வந்துவிட்டது.

வேலை முடிந்ததும் சிந்திய சிமெண்டைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவுவது இங்கே எல்லாத் தளத்திலும் நடக்கிறது. நாங்கள் விடவில்லை. ஆசிட் டைலை ஒன்றும் செய்யாது என்றாலும் இணைப்பில் உள்ள சிமெண்டைத் தின்றுவிடும். திண்ணைக் கல்லில் இருக்கும் இரும்புக் கனிமங்களைத் துருப்பிடித்த பழுப்பாக்கும். ஈரத்துணியால் அன்றன்றே துடைத்தால் அதற்குத் தேவையே வராது. பின்னாளில் உப்புப் படிந்தால், டைல் மேல் மட்டும், நீர் கலந்த வினிகரோ எலுமிச்சைச் சாறோ போதும். தண்ணீர்க் கறைக்கென்று விற்கும் சில கரைசல்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்திருக்கும். அது கிரானைட்டின் மெருகையே அரிக்கக்கூடியது, கைக்கும் கேடு. புட்டியின் பின்புறத்தைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

மிஞ்சிய டைல்களை ஒரு பெட்டியாகக் கட்டி, சாயல் எண் தெரியும்படி பரணில் ஏற்றியாயிற்று. மாடிப்படிக்கு இன்னும் எதுவும் முடிவாகவில்லை. தம்பி பாரடைசோ போட வேண்டும் என்கிறான். படிக்கட்டில் வெளிச்சம் நேரடியாக விழுவதால் அங்கே அந்த இருண்ட நிறம் தடையாகாது, அவன் சொல்வதில் நியாயம் உண்டு. படியின் மூக்கு மட்டும் வழுக்காமல் இருக்க வரி வெட்டித் தர வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை. வரியில் செம்மண் அடையும், பெருக்குவது யார் என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். மாங்காய் வெட்டு முடிந்து கையில் பணம் வரட்டும் என்று அந்தப் பேச்சை ஆனிக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.